சோற்றுக்கை

அக்ராவிலிருந்து பேருந்தில் பதினான்கு மணி நேரம்.
பிறகு இத்ரிசுவின் மோட்டார் சைக்கிள்.
என் பையில் கோணமானி, வண்ணக் கட்டைகள்,
பேராசிரியை கையெழுத்திட்ட பதினோரு பக்கப் படிவம்.
கராகா தாண்டியதும் தார் தீர்ந்தது.
என் மொழியும் தீர்ந்தது.

விடிந்ததா, வெயில் எப்படி,
வேலை எப்படி, வீட்டார் எப்படி,
எல்லாவற்றுக்கும் அவ்வூரில் ஒரே பதில்: நா.
அந்த ஓரெழுத்தை வைத்துக்கொண்டு
ஒரு வாரம் ஓட்டினேன்.

புமாயாவுக்கு ஆறு வயது.
வயிறு குளிர்ந்தது என்று பெயருக்கு அர்த்தமாம்.
பெயர் வைத்த மூன்றாம் மாதம்
காய்ச்சல் மூளைக்கு ஏறியது.
வலக்கை நெஞ்சோடு மடிந்திருக்கிறது,
உள்ளே ஏதோ முட்டையை
உடையாமல் பொத்திவைத்திருப்பதுபோல.
இடக்கை பெரிய கெட்டிக்காரி.
கினிக்கோழிக் குஞ்சை ஓடவிட்டுப் பிடிக்கும்,
தம்பி நெய்ந்தோவின் சட்டைக்குப் பித்தான் மாட்டும்,
என் கோணமானியைக் கழற்றி
இரண்டாக்கித் திருப்பித் தரும்.

சாயங்காலம் ஒரே சட்டியைச் சுற்றி நாலு பிள்ளைகள்.
சோளக்களி, வழவழவென்று வெண்டைக்குழம்பு.
சற்றுத் தள்ளிச் சுவரோரம்
தகரக் கிண்ணத்தோடு புமாயா.
யாரும் திட்டவில்லை. யாரும் விரட்டவில்லை.
நொட்டாங்கை பொதுச்சட்டியில் விழக்கூடாது,
அவ்வளவுதான்.

படிவம் கேட்டது: சுயமாக உண்கிறாளா?
பத்துக்குப் பத்து போட்டேன்.
யாரோடு என்று கேட்க
அதில் கட்டம் இல்லை.

சைக்கிள் ட்யூப்பை நாடாவாகக் கிழித்து
கரண்டிப் பிடியில் தடிமனாகச் சுற்றினேன்.
மடங்கிய விரல்களுக்குள் அதைச் செருகி
வாய்வரை கொண்டுபோய்ப் பார்த்தோம்,
நாளுக்கு இருபது தடவை, ஐந்து வாரம்.
களி காதுக்குப் போனது, கழுத்துக்குப் போனது.
கடைசியில் கரண்டி
கயிறு கட்டிய ஆடாகிப் புழுதியில் மேய்ந்தது.
அம்மா ரஹினாத்து ஒன்று கேட்டாள்.
இத்ரிசு சொன்னான்:
அந்தக் கை திறக்க இன்னும் எத்தனை வருஷம்?
தெரியாது என்பதை
அந்த மொழியில் நான் கற்றிருக்கவில்லை.
நா, என்றேன்.
இத்ரிசு தன் செருப்பைப் பார்த்தான்.

ஏழாவது வாரம் ஒரு மதியம்
வறுத்த நிலக்கடலை ஒன்றை
புமாயா என்னிடம் நீட்டினாள்.
கெட்டிக்காரக் கையால்தான்,
வேறெந்தக் கையால்?

என் கை நின்றது.
ஒரு நொடி. அதிலும் பாதி.
கனேஷி சந்தையில் இடக்கையால் காசு நீட்டி
அம்மாவிடம் பின்மண்டையில் வாங்கிய அடி
என் தோளுக்குள் இன்னும் இருந்தது.
பிறகு வாங்கிக்கொண்டேன், சிரித்தேன்,
கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.
அவள் பார்த்துவிட்டாள்.

மறுநாள் வந்தாள்.
இடக்கையால் வலக்கையைத் தூக்கினாள்,
தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல.
மூடிய முட்டியின் மேட்டில் கடலையை வைத்து,
அது உருளாமல் மூச்சை அடக்கி,
இரண்டையும் சேர்த்து என் முன் நீட்டினாள்.
ஊரில் பெரியவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி.

இரு கைப் பயன்பாடு: தொடங்கியுள்ளது.
எழுதினேன். உண்மைதானே.
நான் கற்பித்த ஐந்து வாரத்தால் அல்ல,
தயங்கிய அரை நொடியால்
என்று எழுதவில்லை.
பேராசிரியை அந்த வரியின் கீழ்
பச்சை மையில் கோடு போட்டு
மிக நன்று என்பார்.

கிளம்பும் நாள் மாலை
சட்டி அதே இடத்தில். கிண்ணம் சுவரோரம்.
நடுவில் மூன்று முழம் இருந்தது,
கையால் அளந்தேன், பிள்ளைகள் சிரித்தார்கள்.
வந்த புதிதில் நான்கு இருந்ததா?
தெரியவில்லை.
அப்போது விரல்களை மட்டும்தான்
அளந்துகொண்டிருந்தேன்.